சிப்பிப்பாறையும் சேலையூரும்

தம்பி, நம்ம தெருவுல யாரும் காலையில அலாரம் வைக்கிறதில்ல. உன் நாய் கேட்டைத் தாண்டுச்சுன்னா சேலையூர்ல பாதிப் பேருக்கு விடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். அகரம்தென் ரோட்டு முக்குல படுத்திருக்கிற கருப்பன் பதில் சொல்லும்போது மீதிப் பேருக்கும் விடிஞ்சிரும்.

குறையாச் சொல்றேன்னு நெனைக்காத. நீ நாயை நடத்துற அழகை மாடியில நின்னு பாக்குறதுக்காகவே காபியை ஆற வெச்சுக் குடிக்கிறவன் நான். ஒரு கையில போனு. இன்னொரு கையில கயிறு, அதுவும் உள்ளங்கையில ரெண்டு சுத்துச் சுத்தி. எதிர்ல ஒரு நாய்த்தலை தெரிஞ்சாப் போதும், கயித்தைச் சுண்டி இழுத்து "நோ வீரா, நோ!"ன்னு ஒரு கத்து. வீரா குரைக்குது, நீ கத்துறே. கருப்பன் கோஷ்டிக்கு ரெண்டு பேரு சண்டைக்கு வந்திருக்காங்கன்னுதான் தோணும். அதுல யாரு பெரிய ஆளுன்னு அதுகளுக்குக் குழப்பம் வேற.

அதுக்கு வீரான்னு பேரு வெச்சே பாரு, அங்க நிக்கிறே. பயந்த ஆளுக்கு வீரப்பேரு வைக்கிறது நம்ம நாட்டு அரசியல்ல புதுசு இல்ல, போகட்டும்.

அது உன் வீட்டுக்கு வந்த கதையும் எனக்குத் தெரியும். 2017ல மெரினாவுல ஜல்லிக்கட்டுக்காக உக்காந்த பிள்ளைகள்ல நீயும் ஒருத்தன். அதுல இருந்து நாட்டுமாடு, நாட்டுநாய்ன்னு மனசுல ஒரு பாசம். 2020 ஆகஸ்டுல பிரதமர் ரேடியோவுல ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு பேரை அடுக்கினதும் உனக்கு இருப்புக் கொள்ளல. மறுவருஷம் ஊரடங்குல ஒரு சிப்பிப்பாறைக் குட்டி வந்து இறங்கிருச்சு. எங்க சாத்தூர்ப் பக்கம் கரிசக்காட்டுல முயல் விரட்டின இனம் அது. மோப்பத்தை விடக் கண்ணை நம்பும். தூரத்துல ஒண்ணு அசைஞ்சா கால் தானா ஓடும். அதைக் கொண்டாந்து மூணாவது மாடியில, ரெண்டு பெட்ரூமுக்குள்ள, பால்கனிக் கம்பி வழியாத் தெருவைக் காட்டி வளத்தே. நல்ல ரசனை.

என் பேத்தி வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில படிக்கா. 1903ல சைதாப்பேட்டையில ஆரம்பிச்ச பழைய காலேஜு. ஞாயித்துக்கிழமை மின்சார ரயிலைப் பிடிச்சு வந்து எறங்குனா எனக்குப் பாடம் நடக்கும். நான் கேட்டுத் தலையாட்டிட்டு, திங்கக்கிழமை அதையே என் சொந்தச் சரக்கா உங்கிட்ட விக்கிறேன். அவ சொல்றா, குட்டிக்கு மூணு வாரத்துல இருந்து பன்னெண்டு, பதினாலு வாரம் வரைக்கும்தான் உலகத்துக்கு வாசல் தொறந்திருக்குமாம். அந்த நாள்ல எதையெல்லாம் பயமில்லாமப் பாக்குதோ அது சொந்தம், பாக்காதது எல்லாம் அந்நியம். ஸ்காட், ஃபுல்லர்னு அமெரிக்காவுல ரெண்டு பேரு வருஷக்கணக்கா நாய்களை வளத்துப் பாத்து 1965ல புத்தகமே போட்டாங்களாம். வீராவோட அந்த வாரங்கள்ல அது பாத்த உலகம் என்ன? உன் லேப்டாப்பு, உன் வீட்டுக்காரி, வாசல்ல பார்சலை வெச்சுட்டு ஓடுற ஒரு முகக்கவசம். இன்னொரு நாய்ன்னு ஒரு பிராணி உலகத்துல உண்டுங்கிற சேதியே அதுக்கு லேட்டாத்தான் வந்து சேந்துச்சு. அது மேல என்ன தப்பு?

குரைக்கிற நாய் கடிக்காதுன்னு முதல்ல சொன்ன ஆளை நானும் ரொம்ப நாளாத் தேடுறேன். காலை மட்டும் பாக்கணும், தழும்பு இருக்கான்னு. குரைக்கிறதுல எல்லாம் கோபம் இல்ல தம்பி. உன் வீரா குரைக்கிறது, "கிட்ட வராத, எனக்கு நடுங்குது, தள்ளிப்போ"ன்னு. அதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அந்த மந்திரம் தெனமும் பலிக்குது. எதிர்நாய் தன் பாட்டுக்குத் தன் சோலியப் பாத்துத்தான் போகுது. வீராவுக்குத் தெரியுமா? நாம போட்ட போட்டுல ஓடிட்டான்னு நெனைச்சுக்குது. நாளைக்கு இன்னும் முன்னாடியே, இன்னும் சத்தமாப் போடுது. நீ ஆபீஸ் போன பிறகு பால்கனியில நின்னு பகல் முழுக்க இதே ஒத்திகைதான். தெருவுல போற நாய் எல்லாம் போய்க்கிட்டேதான் இருக்கும், இது ஜெயிச்சுக்கிட்டேதான் இருக்கும். ஒரு பச்சை நிழல்வலை வாங்கி அந்தக் கம்பியில இடுப்பு உயரத்துக்குக் கட்டு. செடிக்கு நிழலுக்காகன்னு அசோசியேசன்ல சொல்லிக்கோ.

கயிறு இருக்கே, அதுதான் பெரிய வில்லன். பயந்த பிராணிக்கு ரெண்டு வழி, ஒண்ணு ஓடணும், இல்ல பாயணும். நீ கயித்தைச் சுத்திப் பிடிச்ச அந்த நிமிஷமே ஓடுற வழியை அடைச்சுட்டே. மிச்சம் என்ன இருக்கு? பாயுது. உடனே நீ மூணாவது மாடி மாமிகிட்ட, "எங்க வீரா ரொம்ப அக்ரஸிவ்"னு பெருமை பாதி வருத்தம் பாதியாச் சொல்றே. கயிறு ஆறடி நீளம் இருந்தா ஆறடியையும் அது கைக்குக் கொடு. கழுத்துப்பட்டையைக் கழட்டிட்டு நெஞ்சைச் சுத்திப் போடுற பட்டை வாங்கு. இந்த இனத்துக்குத் தலை சின்னது, கழுத்து நீளம், பட்டையில இருந்து உருவிக்கிட்டு ஓடினா மேடவாக்கத்துலதான் போய்ப் பிடிக்கணும்.

இப்ப நம்ம ஊரு நாய்களோட அரசியலுக்கு வா. தாம்பரம் மாநகராட்சி ஆனது 2021ல. அஞ்சு நகராட்சி, அஞ்சு பேரூராட்சியை ஒண்ணாச் சேத்து எழுபது வார்டாப் பிரிச்சாங்க. நாய்க அதுக்கு ரொம்ப முன்னாடியே பிரிச்சு முடிச்சிருச்சு. கேம்ப் ரோட்டுல எந்த வார்டு எங்க முடியுதுன்னு மனுசனைக் கேட்டா கையை விரிப்பான். கருப்பன்கிட்ட கேளு, இஸ்திரி வண்டி வரைக்கும் தன்னோடது, அதுக்கு அந்தப் பக்கம் கறிக்கடை கோஷ்டியோடதுன்னு தெளிவாச் சொல்லும். டீக்கடையில பொறை போடுற மகராசன் யாரு, ஞாயித்துக்கிழமை எலும்பு எத்தனை மணிக்கு விழும், எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. நீ என்ன பண்றே? தெனமும் ஒரே நேரத்துல, ஒரே பாதையில, அதுக ஆட்சி நடக்கிற ஏழு எல்லை வழியா ஒரு வெளியூர்க்காரனை ஊர்வலம் கூட்டிட்டுப் போறே. அதுவும் விடியக்காலையில, அதுகளுக்குச் சுறுசுறுப்பு கூடுற நேரமாப் பாத்து.

2025 ஆகஸ்டு 11ந் தேதி டெல்லித் தெருநாயை எல்லாம் பிடிச்சு அடைங்கன்னு உச்ச நீதிமன்றம் சொன்னப்ப நீ போனை நீட்டி, "இனிமே நிம்மதி தாத்தா"ன்னே. நான் ஒண்ணும் பேசல. 22ந் தேதி இன்னொரு பெஞ்சு அதை மாத்துச்சு. கருத்தடை பண்ணி, தடுப்பூசி போட்டு, எடுத்த எடத்துலயே விடுங்க, வெறி பிடிச்சதையும் ஆக்ரோஷமானதையும் மட்டும் விட வேண்டாம்னு. நவம்பர்ல பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையத்துல இருக்கிறதை அப்புறப்படுத்தச் சொல்லிச்சு. அந்தப் பட்டியல்ல நம்ம தெரு இல்ல. ஒரு யோசனை மட்டும் எனக்கு ஓடுச்சு. ஆக்ரோஷமான நாயைப் பிடிக்க வண்டி வந்து, பட்டை இல்லாம ரெண்டையும் பக்கத்துல நிறுத்துனா, அந்த ஆளு கருப்பனைத் தடவிக் கொடுத்துட்டு வீராவைத்தான் ஏத்துவான்.

தெருவுல நாயே இல்லாத ஒரு காலம் வரும்னு காத்திருக்காத. கொல்றதை நிறுத்திட்டுக் கருத்தடை பண்ணலாம்னு நம்ம மெட்ராஸ்ல புளூ கிராஸ்காரங்க 1964லயே சொன்னாங்க. மாநகராட்சி ஒத்துக்கிட்டு தென்சென்னையில ஆரம்பிச்சது 1996ல. அரசாங்கக் கணக்குல அது அவசர நடவடிக்கை. கருப்பனோட காது நுனியைப் பாரு, ஒரு வெட்டு இருக்கும். அறுவை முடிஞ்சவன்னு அடையாளம். பொட்டைக்காக அவன் அடிச்சுக்கிட்டது அதோட போச்சு. இஸ்திரி வண்டி விவகாரம் வேற, அதுக்கு ஆபரேஷன் கிடையாது.

நடுவுல ஒரு பயிற்சியாளரைக் கூட்டிட்டு வந்தியே, கறுப்புச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. முள்ளுச் சங்கிலியைக் கழுத்துல மாட்டி, "வீட்டுக்குத் தலைவன் யாருன்னு நாய்க்குக் காட்டணும் சார்"னாரு. உன் வீட்டுல தலைவன் யாருன்னு எனக்குத் தெரியும், உன் வீட்டுக்காரிக்கும் தெரியும், அதை ஏன் வெளியாளு முன்னாடி கிளறணும்னு நான் மாடியில இருந்தே சிரிச்சேன். அந்தத் தலைவன் கதை எங்க இருந்து வந்துச்சு தெரியுமா? ஷெங்கெல்னு ஒருத்தர், ஒண்ணுக்கொண்ணு உறவில்லாத ஓநாய்களை ஒரே அடைப்புல போட்டு, அதுக அடிச்சுக்கிட்டதைப் பாத்து 1947ல எழுதினது. அதை வெச்சு டேவிட் மீச்னு ஒரு விஞ்ஞானி 1970ல பெரிய புத்தகம் போட்டாரு. பிறகு அவரே காட்டுக்குப் போய் நிசமான ஓநாய்க் கூட்டத்தைக் கூட இருந்து பாத்தா, தலைவனும் இல்ல தடியனும் இல்ல, அப்பன், ஆத்தா, பிள்ளைக. அவ்வளவுதான். 1999ல தான் சொன்னது சரியில்லன்னு கட்டுரை எழுதினாரு, தன் புத்தகத்தையே இனி அச்சடிக்காதீங்கன்னு பதிப்பாளர்கிட்ட கேட்டாரு. தப்பா எழுதிட்டேன், விக்காதீங்கன்னு கேட்ட எழுத்தாளனை நீ இங்க பாத்திருக்கியா? நான் பாத்ததில்ல. ஆனா அந்தப் பழைய சரக்கு குரோம்பேட்டை வரைக்கும் வந்து, மணிக்கு இவ்வளவுன்னு விலை போகுது.

அந்த முள்ளு என்ன பண்ணிச்சு? இன்னொரு நாயைப் பாக்குறப்ப எல்லாம் கழுத்துல குத்து. வீராவுக்குக் கணக்கு சுலபம். நாய் வந்தா வலிக்கும். முன்னாடி பயம் மட்டும் இருந்துச்சு, இப்ப அதுக்கு ஆதாரமும் கெடச்சுப் போச்சு. உறுமினா அடி விழும்னு உறுமலை விட்டுருச்சு. "பாத்தியா தாத்தா, அடங்கிட்டான்"னு நீ குதிச்சே. உறுமாம நேராக் கடிக்கிற நாயைத் தயார் பண்ணத்தான் அத்தனை காசு. கரண்டு அடிக்கிற பட்டைன்னு இன்னொண்ணு ஆன்லைன்ல பாத்துட்டு இருந்தே. வேல்ஸ் நாட்டுல 2010லயே அதுக்குத் தடை. நீ அந்தக் காசுக்கு ஈரல் வாங்கு.

ஆமா, ஈரல்தான் மருந்து. பேத்தி இதைச் சொல்றப்ப மட்டும் நான் குறிப்பே எடுத்தேன். 1924ல அமெரிக்காவுல மேரி கவர் ஜோன்ஸ்னு ஒரு அம்மா. பீட்டர்னு ஒரு சின்னப் பையன், முயலைக் கண்டா வீரிட்டு அலறுவான். பாரு, உன் நாயோட பாட்டன் விரட்டின முயலைக் கண்டு. அந்த அம்மா பையனை அடிக்கல, "தைரியமா இரு"ன்னு பிரசங்கம் பண்ணல. அவனுக்குப் பிடிச்சதைத் தின்னக் கொடுத்து, முயல் கூண்டை அவன் சாப்பாடு கெடாத தூரத்துல வெச்சாங்க. கொஞ்சங்கொஞ்சமாத்தான் கிட்ட கொண்டு வந்தாங்க. கடைசியில அவன் முயலைக் கையால தடவினான்.

உனக்கும் அதே பாடம். வீரா இன்னொரு நாயைப் பாக்கணும், ஆனா ஈரலைத் தின்ன மனசு வர்ற தூரத்துல நின்னு பாக்கணும். அது அம்பது அடியா, நூறு அடியான்னு என்னைக் கேக்காத, வீராவைக் கேளு. வாயை மூடிட்டு ஒடம்பை வெறைச்சு, ஈரலைக் கண்டும் காணாம நின்னா நீ ரொம்பக் கிட்ட போயிட்டே, திரும்பு. முதல்ல நாய் கண்ணுல படணும், அதுக்குப் பிறகு ஈரல் வரணும், நாய் மறைஞ்சதும் ஈரலும் நிக்கணும். வரிசையை மாத்தி முன்னாடியே ஈரலை நீட்டுனா, ஆகா ஏதோ வில்லங்கம் வருதுன்னு ஈரலைக் கண்டே பயப்படும். நீ சைவம்னா பனீர் கொடு, நாய் உன் கோத்திரத்தைக் கேக்காது. நாள் ஆகும். மாசக்கணக்குல ஆகும். உன் ஆபீஸ்ல ஒரு புராஜெக்டு தள்ளிப் போனா மட்டும் பொறுத்துக்கிறே இல்ல?

அந்தத் தூரத்துக்கு எங்க போறதுன்னு கேப்பே. சிட்லபாக்கம் ஏரிக்கரைக்கு வேண்டாம், நடைபாதையில எதிராளிக்கு வழிவிடணும்னா நீ தண்ணியிலதான் நிக்கணும். மாடம்பாக்கம், மப்பேடு, வேங்கைவாசல் பக்கம் போ. தாம்பரத்துல இருந்து பத்தே நிமிஷம்னு விளம்பரம் போட்டு, கல்லு நட்டு, யாரும் வீடு கட்டாமக் கெடக்கிற லேஅவுட்டு எத்தனை வேணும்? உன் நாய்க்காகவே பிரிச்ச மனைன்னு நெனைச்சுக்கோ. போறதுக்கு முன்னாடி ஒரு வாரம் நாய் இல்லாம நீ மட்டும் போய் வேவு பாரு, எந்த மூலையில எவன் எப்ப தூங்குறான்னு. வெயில் ஏறின நேரம் தெருநாய் எல்லாம் காருக்கு அடியில கட்டையாக் கெடக்கும், ஆனா தாரு கொதிக்கும். புறங்கையை ரோட்டுல வெச்சுப் பாரு, உனக்குத் தாங்கலன்னா அதுக்கும் தாங்காது.

வழியில மாட்டிக்கிட்டா என்ன பண்ணணும்? நின்னு கண்ணோட கண்ணு பாக்காத. நிறுத்தி வெச்ச காருக்குப் பின்னால ஒதுங்கு, கருப்பன் மறைஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. "வா போலாம்"னு சொன்னா உடனே திரும்புறதுக்கு வீட்டு ஹாலுலயே பழக்கி வை, சும்மா இருக்கும்போது, சிரிச்ச முகமா. பையில ஒரு பாக்கெட் பொறை இருக்கட்டும். தெருநாய் பாஞ்சு வந்தா எதுக்க வீசி எறி, அதுக பொறுக்கிட்டு இருக்கிற நேரத்துல நீ நடையைக் கட்டு. ஆனா அதுக தானா வராதப்ப எறியாத, மறுநாள் வசூலுக்குக் கேட்டு வாசல்லயே வந்து நிக்கும். வாய்க்கூடை ஒண்ணும் பழக்கி வை. கம்பியில கூண்டாட்டம் இருக்கிறது, அதைப் போட்டா வாயைத் தொறந்து இளைக்க முடியும். துணியில வாயை இறுக்கிக் கட்டுறது நம்ம சித்திரை வெயிலுக்கு ஆகாது. அதையும் மீறிச் சண்டை வந்து உன் கையில பல்லு பட்டுச்சுன்னா கௌரவம் பாக்காத. சோப்புப் போட்டுப் பைப்புத் தண்ணியில கால் மணி நேரம் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. அன்னைக்கு ஒண்ணு, அதுல இருந்து மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் ஊசி, காசு கிடையாது. மஞ்சளும் மொளகாயும் வெச்சுக் கட்டுன்னு யாராவது என் வயசுல ஒரு கெழவன் சொன்னா, அவன் பேச்சைக் கேக்காத.

இன்னொரு ஆபத்து நம்ம செம்பாக்கத்து லேப்ரடார் சார். கயித்தை விட்டுட்டு அம்பது அடி பின்னால, "பயப்படாதீங்க, எங்க பப்பி ஒண்ணும் பண்ணாது"ன்னு சிரிச்சுக்கிட்டே வருவாரு. பப்பி ஒண்ணும் பண்ணாது சார், எங்க வீரா பண்ணும். அவருகிட்ட உன் நாய்க்குப் பயம், பதற்றம்னு விளக்கம் சொல்லிட்டு நிக்காத, யாரும் கேக்க மாட்டாங்க. "சார், இதுக்கு சொறி, ஒட்டிக்கும்"னு ஒரு சத்தம் போடு. தேசிய நெடுஞ்சாலையைத் தாண்டி ஓடுவாரு. பொய்தான். என் கணக்குல எழுதிக்கோ.

"நேத்து சும்மா இருந்தான், இன்னைக்கு ஏன் வெறி வந்துச்சு"ன்னு கேட்டியே. 2015 டிசம்பர்ல முடிச்சூரு முங்குனது அந்த ஒரு நாள் மழைக்கா? நவம்பர் பூரா கொட்டி ஏரி எல்லாம் நெறஞ்சு கெடந்துச்சு, கடைசி மழைக்கு எடமில்ல. வீராவுக்கு முந்தின ராத்திரி பக்கத்துக் கல்யாணமண்டபத்துல வெடி. விடியக்காலையில ஏர்ஃபோர்ஸ் விமானம் தலைக்கு மேல. எட்டு மணிக்குத் தண்ணி லாரி. பிறகுதான் கருப்பன். ஒரு பெரிய சண்டை நடந்துச்சுன்னா ரெண்டு மூணு நாளைக்கு வெளிநடையே வேண்டாம். தெனமும் நடத்தலன்னா பாவம்னு யாரு சொன்னா? மொட்டைமாடியில விடு. பழைய சாக்குத் துணியில ஈரல் துண்டைச் சுருட்டி முடிஞ்சு போடு, மோந்து மோந்து தேடி எடுக்கட்டும், ஒரு மணி நேரம் நடந்த களைப்பு வரும். அசோசியேசன் செகரட்டரி சட்டம் பேசினா, குடியிருப்புச் சங்கம் நாய் வளக்கக் கூடாதுன்னு விதி போட முடியாதுன்னு விலங்கு நல வாரியம் 2015லயே சொல்லிருச்சுன்னு சொல்லு. அந்த வாரியத்துக்கு முதல் தலைவி நம்ம திருவான்மியூர் கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அம்மான்னும் சேத்துச் சொல்லு. பரதநாட்டியம்னா செகரட்டரி கொஞ்சம் இளகுவாரு, பொண்ணு அரங்கேற்றம் வருது.

இவ்வளவும் பண்ணியும் ஒண்ணும் அசையலன்னா, இல்ல நல்லா இருந்த நாய் திடீர்னு மாறிச்சுன்னா வேப்பேரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டு. காதுல சீழு, பல்லுல வலி, இடுப்பு மூட்டு, எது இருந்தாலும் நாய் கிட்ட வந்தா சீறத்தான் செய்யும். எனக்கு முழங்கால் வலிக்கிற அன்னைக்கு என் சம்சாரத்தைக் கேட்டுப் பாரு. பதற்றத்துக்குன்னே மாத்திரையும் இருக்கு. அமெரிக்காவுல 2007ல நாயோட பிரிவுப் பதற்றத்துக்குப் புளுவாக்ஸ்டீனுக்கு அனுமதியே கொடுத்தாங்க. வாரக்கணக்குல சாப்பிட்டாத்தான் பிடிக்கும், டாக்டர் எழுதித்தான் கொடுக்கணும். உன் அலமாரியில இருக்கிறதை எடுத்து நீயா ஒடைச்சுக் கொடுக்காத. நாய்க்கு மாத்திரையான்னு உங்க அப்பா சிரிப்பாரு. காலையில டிபனுக்கு முன்னால அவரு முழுங்குறதை எண்ணிக் காட்டு.

சரி, நேரமாச்சு. கறிக்கடையில ஈரல் வாங்குறப்ப நூறு கிராம்னு கேக்காத, கடைக்காரன் மதிக்க மாட்டான். அரைக்கிலோவா வாங்கு. உப்பு இல்லாம வேகவெச்சுப் பொடிசா நறுக்கி வீராவுக்கு ஒரு டப்பாவுல எடுத்து வை, போதும். மிச்சத்துக்கு மொளகு தூக்கலாப் போட்டு வறுக்கச் சொல்லி இங்க அனுப்பு. பேத்தி ஞாயித்துக்கிழமை வாறா, கொலஸ்ட்ரால்ம்பா, சனிக்கிழமையே வந்துரட்டும்.